பிசில ஓடுற சி புரோகிராம் மெயின்ஃப்ரேம்ல ஏன் தடுமாறுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, பேங்க், இன்சூரன்ஸ் மாதிரி எடத்துல ராத்திரி ஓடுற பெரிய கணக்கெல்லாம் இன்னும் மெயின்ஃப்ரேம்ல ஓடுது, அங்க கோபோல்ங்கற பழைய மொழி மட்டும் இல்ல சி-யும் ஓடும்னு ரெண்டு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு நம்ம தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கத்துல இருந்தும் ஜோபர்க்ல இருந்தும் இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி கேள்விய ஒண்ணா சேத்துட்டேன். நான் மெயின்ஃப்ரேம்னு சொல்றப்ப ஐபிஎம்மோட இசட் மெஷின்ல ஓடுற இசட்ஓஎஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்ததான் சொல்றேன்னு மனசுல வெச்சுக்குங்க.

கேள்வி: அண்ணா, நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணுல வேலை பாக்குறேன். வாடிக்கையாளர்ங்கள குடும்பப் பேரோட முதல் எழுத்த வெச்சு எண்ணி ரிப்போர்ட் குடுக்குற ஒரு சின்ன சி புரோகிராம் எங்ககிட்ட பிசில பல வருஷமா நல்லா ஓடுது. அத அப்படியே மெயின்ஃப்ரேம்ல கம்பைல் பண்ணோம், ஒரு எரர் கூட வரல, ஆனா ரிப்போர்ட்ல பல எடம் தப்பு. 'டி' (T) எழுத்துல ஆயிரக்கணக்குல பேர் இருக்காங்கன்னு காட்டுது, 'எம்'ல யாருமே இல்லங்குது. எங்க ஊர்ல மூட்லிங்கற குடும்பப் பேர் இல்லாத தெரு உண்டா? – ஒரு வாசகி, லெனேசியா

பதில்: தங்கச்சி, உங்க புரோகிராம நான் பாக்கல, ஆனா அதுல எந்த வரி தப்புன்னு என்னால சொல்ல முடியும். பேரோட முதல் எழுத்துல இருந்து 'ஏ'வ கழிச்சு, வர்ற நம்பர 26 பெட்டி இருக்குற அர்ரேக்கு இண்டெக்ஸா போட்டிருப்பீங்க. பிசில அது சரி, ஏன்னா பிசி எழுத்துக்கு நம்பர் குடுக்குற ஆஸ்கி முறைல பெரிய 'ஏ' 65, அங்க இருந்து ஒண்ணு ஒண்ணா ஏறி 'இசட்' 90-ல முடியுது, நடுவுல ஓட்டையே கிடையாது. மெயின்ஃப்ரேம்ல எழுத்துக்கு வேற நம்பர், அதுக்குப் பேர் எப்சிடிக், அங்க 'ஏ' 193. 'ஏ'ல இருந்து 'ஐ' வரைக்கும் 193–201, அப்புறம் ஒரு இடைவெளி, 'ஜே'ல இருந்து 'ஆர்' வரைக்கும் 209–217, மறுபடி ஒரு இடைவெளி, 'எஸ்'ல இருந்து 'இசட்' வரைக்கும் 226–233.

இப்ப உங்க ரிப்போர்ட்டப் போட்டுப் பாருங்க. கோவெண்டர் வந்தா 'ஜி', அது 199, 193 போக 6, பிசில வர்ற அதே 6 தான், அதனால கோவெண்டர் எண்ணிக்கை சரியா வந்திருக்கும், அதப் பாத்து நீங்களும் முதல்ல புரோகிராம் சரின்னு நம்பியிருப்பீங்க. மூட்லி வந்தா 'எம்' 212, கழிச்சா 19, சைபர்ல இருந்து எண்ணினா 19-ம் நம்பர் பெட்டிக்கு உங்க ரிப்போர்ட்ல போட்ட லேபிள் 'டி' (T). நாயுடு 20-ல போய் 'யு' ஆயிடுவாரு, பிள்ளை 22-ல போய் 'டபிள்யு' ஆயிடுவாரு. இதையெல்லாம் விட மோசம் 'வி', அது 229, கழிச்சா 36, உங்ககிட்ட இருக்குறதே 26 பெட்டிதான், அப்ப வடிவேலு எங்க போய் எண்ணப்பட்டாரு? அர்ரேக்கு வெளிய, பக்கத்துல இருந்த ஏதோ ஒரு வேரியபிள் மேல. அது எதுன்னு தேடுங்க, இந்த ரிப்போர்ட்ல மட்டும் இல்ல, வேற ஏதாவது தொகையும் கெட்டுப்போயிருக்கலாம்.

இந்த இடைவெளி ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா மறக்காது. எப்சிடிக் 1964-ல ஐபிஎம்மோட சிஸ்டம் 360 மெஷினோட வந்தது, அதுக்கு வேர் பஞ்ச் கார்டுல, அதாவது ஓட்டை போட்டு டேட்டா ஏத்துற அட்டைல இருக்கு. கார்டுல ஒரு எழுத்துக்கு மேல் வரிசைல ஒரு ஓட்டை, ஒண்ணுல இருந்து ஒம்போது வரைக்கும் உள்ள வரிசைல இன்னொரு ஓட்டை. முதல் மேல் வரிசையோட 9 எழுத்து, ரெண்டாவதோட 9 எழுத்து, மூணாவதோட 8 எழுத்து, கூட்டினா 26. மூணாவது வரிசைல ஒண்ணாம் நம்பர் ஓட்டை சாய்வு கோட்டுக்குப் போயிடுச்சு, அதனால 'எஸ்' ரெண்டுல இருந்து ஆரம்பிக்குது. கார்டு போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, நம்பர் மட்டும் அப்படியே நிக்குது.

சரி பண்றது சுலபம். 26 எழுத்தையும் வரிசையா ஒரு ஸ்ட்ரிங்ல எழுதி வெச்சுக்குங்க, வர்ற எழுத்த டூஅப்பர் போட்டு பெருசாக்கி, ஸ்ட்ர்சார் வெச்சு அந்த ஸ்ட்ரிங்ல எத்தனாவது எடம்னு தேடுங்க. பேரே இல்லாத காலி ரெக்கார்ட் வந்தா மட்டும் ஜாக்கிரதை, ஸ்ட்ர்சார் ஸ்ட்ரிங்கோட முடிவுல இருக்குற சைபரையும் 'கிடைச்சுது'ன்னு சொல்லும், அப்ப 26 வரும், அத முன்னாடியே தடுத்துடுங்க. இப்படி எழுதினா பிசிலயும் சரி அங்கயும் சரி, ஒரே சோர்ஸ் ஓடும். மெயின்ஃப்ரேமுக்குன்னு தனியா 193-ன்னு நம்பர் போட்டு இன்னொரு காப்பி வெச்சுக்காதீங்க தங்கச்சி, ரெண்டு காப்பி வெச்சிருந்தா ஆறு மாசத்துல ஒண்ணுல திருத்துனது இன்னொண்ணுல இருக்காது, இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

அப்படியே உங்க சோர்ஸ் முழுக்க இன்னும் மூணு விஷயம் தேடுங்க. ஒண்ணு, ஒரு எழுத்து 'ஏ'க்கும் 'இசட்'டுக்கும் நடுவுல இருக்கான்னு பாக்குற வரி. எப்சிடிக்ல அந்த நடுவுல மூடுற நெளி பிராக்கெட்டும் பேக்ஸ்லாஷும் கூட உக்காந்திருக்கு, எழுத்துதானான்னு பாக்குற ஈஸ்ஆல்ஃபா ஃபங்ஷன போடுங்க. ரெண்டு, 32-ஐ சேத்து சின்ன எழுத்தாக்குற தந்திரம்; அங்க பெருசுக்கும் சிறுசுக்கும் வித்தியாசம் 64, அதுவும் சின்ன எழுத்துதான் முன்னாடி வரும். மூணு, வரி முடிவுன்னு 10-ங்கற நம்பர நேரா எழுதியிருந்தா அத எடுத்துட்டு பேக்ஸ்லாஷ் என் போடுங்க, அங்க அதோட நம்பர் 21. இலக்கம் மட்டும் பயப்பட வேணாம், சைபர்ல இருந்து ஒம்போது வரைக்கும் தொடர்ச்சியாத்தான் இருக்கணும்னு சி ஸ்டாண்டர்டே சொல்லுது, சைபர கழிச்சு மதிப்பு எடுக்குறது எல்லா மெஷின்லயும் சரி.

வரிசைப்படுத்துறதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. ஆஸ்கில முதல்ல இலக்கம், அப்புறம் பெரிய எழுத்து, அப்புறம் சின்ன எழுத்து. எப்சிடிக்ல நேர் தலைகீழ், சின்னது, பெருசு, கடைசில இலக்கம். பிசில சார்ட் பண்ணின ஃபைல அங்க கொண்டுபோய் பைனரி சர்ச் (பாதி பாதியா பிரிச்சுத் தேடுறது) போட்டா இருக்குற ஆளயே 'இல்ல'ன்னு சொல்லும். அங்க போனதும் மறுபடி சார்ட் பண்ணிடுங்க.

கேள்வி: அண்ணே, ஃபைல ஒவ்வொரு எழுத்தா படிக்குற சாதாரண லூப். பிசில ஒரு செகண்ட்ல முடியும். மெயின்ஃப்ரேம்ல போட்டா முடியவே மாட்டேங்குது, கடைசில எஸ்322-ன்னு ஜாப் விழுந்துடுது. மெஷின் ஸ்லோவா? – மிட்ராண்ட்ல இருந்து ஒருத்தர்

பதில்: மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. எஸ்322-ன்னா உங்க ஜாப்புக்கு குடுத்த சிபியு நேரம் தீந்துபோச்சுன்னு அர்த்தம், அதாவது லூப் நிக்கவே இல்ல. ஒவ்வொரு எழுத்தா படிக்குற கெட்சார் திருப்பித் தர்றத நீங்க சார் டைப் வேரியபிள்ல வாங்குறீங்க. ஃபைல் முடிஞ்சா அது தர்ற இஓஎஃப் மைனஸ் ஒண்ணு. பிசில சார்ங்கறது பொதுவா சைன்ட், அதாவது மைனஸும் வெச்சுக்கும், மைனஸ் ஒண்ணு மைனஸ் ஒண்ணாவே இருக்கும். இசட்ஓஎஸ் சி-ல சார் அன்சைன்ட், மைனஸே கிடையாது, அந்த மைனஸ் ஒண்ணு 255 ஆயிடும், 255 எப்பவும் மைனஸ் ஒண்ணுக்கு சமமாகாது, லூப் ஓடிட்டே இருக்கும்.

வேரியபிள இன்ட்னு மாத்துங்க, அவ்ளோதான். பிசிலயும் அதுதான் சரியான முறை, இத்தனை நாள் தப்பு வெளிய தெரியாம இருந்துச்சு. சார்ல மைனஸ் நம்பர் வெச்சு 'இல்ல, தெரியாது'ன்னு குறிச்சு வெச்சிருந்தா அதையும் சைன்ட் சார்னு வெளிப்படையா எழுதிடுங்க. ஜிசிசி கம்பைலர்ல அன்சைன்ட் சார்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டு உங்க பிசிலயே ஒரு தடவ கம்பைல் பண்ணி ஓட்டுங்க. மெயின்ஃப்ரேமுக்குப் போகாமலே இந்த மாதிரி தப்பு பாதிக்கு மேல வீட்லயே பிடிபட்டுடும்.

கேள்வி: சோர்ஸ அனுப்பி கம்பைல் பண்ணா அர்ரே வர்ற வரிலயெல்லாம் சின்டாக்ஸ் எரர். ஸ்க்ரீன்ல பாத்தா சதுர பிராக்கெட் சரியாத்தான் தெரியுது. சில நீள வரிலயும் எரர் வருது. – ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: எப்சிடிக்லயே பல ரகம் இருக்கு. கம்பைலர் எதிர்பாக்குறது 1047-ங்கற கோட் பேஜ், அதாவது எந்த எழுத்துக்கு எந்த நம்பர்ங்கற பட்டியல், அதுல திறக்குற சதுர பிராக்கெட் 173, மூடுறது 189. மெயின்ஃப்ரேம் ஸ்க்ரீன உங்க பிசில காட்டுற டெர்மினல் எமுலேட்டர் 037-ல இருந்தா அதுல அதே பிராக்கெட்டுக்கு 186, 187. அதனால உங்க கண்ணுக்கு பிராக்கெட்டா தெரியுறது கம்பைலருக்கு வேற எதுவோ. எமுலேட்டர் செட்டிங்க 1047-க்கு மாத்துங்க, ஃபைல் மாத்தி அனுப்புற டேபிளையும் பாருங்க. பழைய ஆளுங்க பிராக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு கேள்விக்குறியும் இன்னொரு குறியும் போட்டு எழுதுன சோர்ஸ் எங்கயாவது கண்ணுல பட்டா பதறாதீங்க, அது ட்ரைகிராஃப், இந்த மாதிரி குறி கிடைக்காத தொந்தரவுக்காக 1989 ஸ்டாண்டர்ட்ல வெச்சது.

நீள வரிக்கு காரணம் வேற. சோர்ஸ 80 கேரக்டர் நீள ரெக்கார்ட்ல வெச்சா கம்பைலர் 72-வது காலம் வரைக்கும்தான் படிக்கும், 73–80 வரிசை எண்ணுக்குன்னு விட்டுடும். அந்த எடத்துல உங்க செமிகோலன் இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாது.

அதே மாதிரி, லாங்நேம்ங்கற ஆப்ஷன் இல்லாம கம்பைல் பண்ணா வெளிய தெரியுற ஃபங்ஷன் பேரெல்லாம் முதல் 8 எழுத்தோட வெட்டுப்பட்டு எல்லாமே பெரிய எழுத்தாயிடும். 'கஸ்டமர்'னு ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல பேர் வெச்ச பத்து ஃபங்ஷன் இருந்தா பத்தும் ஒரே பேராயிடும், அந்த வார்த்தையே சரியா 8 எழுத்து.

கேள்வி: ஃபைல் விஷயம்தான் எங்களுக்குப் புரியல. பிசில எழுதின பைனரி ஃபைல அங்க அனுப்பினா எல்லா நம்பரும் பைத்தியம் பிடிச்ச மாதிரி வருது. ஒரு எடத்துல 1-ன்னு இருந்தது 16777216-ன்னு வருது. வேற ஒரு ஃபைல்ல கடைசில இல்லாத வாடிக்கையாளர் ஒருத்தர் முளைக்கிறாரு. – பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து ரெண்டு பேர் சேந்து எழுதினது

பதில்: இந்தக் கேள்விக்கு நிதானமா பதில் சொல்லணும், ஏன்னா மத்த தப்பு பலதும் சீக்கிரம் கண்ணுல படும், இது டேட்டாவக் கெடுக்கும்.

முதல்ல அந்த 16777216. இன்டெல் பிசி ஒரு நாலு பைட் நம்பர எழுதுறப்ப சின்னப் பக்கத்த முதல்ல எழுதும், 1-ன்னா 1, 0, 0, 0. மெயின்ஃப்ரேம் நம்ம பள்ளிக்கூடத்துல எழுதுற மாதிரி பெரிய பக்கத்த முதல்ல எழுதும், 0, 0, 0, 1. பிசி எழுதினத அது படிச்சா ஒண்ணு மேல போயிடும், 256-ஐ மூணு தடவ பெருக்கினா வர்றது 16777216. உங்க நம்பரே விஷயத்த சொல்லிடுச்சு.

அப்புறம் மெஷினுக்கு மெஷின் ஃபைல் அனுப்புற எஃப்டிபி. டெக்ஸ்ட் மோட்ல அனுப்பினா ஒவ்வொரு பைட்டையும் ஆஸ்கில இருந்து எப்சிடிக்குக்கு மாத்தும், பேர் நல்லா வரும், நம்பர் நாசமாயிடும். பைனரி மோட்ல அனுப்பினா நம்பரோட பைட் பிழைக்கும், பேர் படிக்க முடியாது. பேரும் நம்பரும் ஒண்ணா கட்டி வெச்ச ஸ்ட்ரக்ட அப்படியே ஃபைல்ல கொட்டியிருந்தா ரெண்டு மோடுமே உங்களக் காப்பாத்தாது. ஒரு தடவ நான் இருந்த ஆபீஸ்ல இப்படி கலந்த ஃபைல டெக்ஸ்ட் மோட்ல அனுப்பிட்டோம், பேரெல்லாம் அழகா இருந்ததால யாரும் சந்தேகப்படல, பிரீமியம் தொகை தப்புன்னு தெரிய மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாள் கணக்கு பாத்தவங்க பட்ட பாடு எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அன்னிலேர்ந்து யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், ரெண்டு மெஷினுக்கு நடுவுல போற ஃபைல்ல எல்லாத்தையும் எழுத்தா எழுதுங்க, நம்பரையும் எஸ்பிரின்ட்எஃப் போட்டு எழுத்தாக்குங்க, டெக்ஸ்ட் மோட்ல அனுப்புங்க, அந்தப் பக்கம் போய் மறுபடி நம்பராக்குங்க. ஃபைல் கொஞ்சம் பெருசாகும், ஆகட்டும்.

இனி அந்த முளைச்ச வாடிக்கையாளர். பிசில ஃபைல்னா வெறும் பைட் வரிசை, 250 பைட் எழுதினா 250 பைட். மெயின்ஃப்ரேம்ல அதுக்கு டேட்டா செட்னு பேர், அது ரெக்கார்ட் ரெக்கார்டா இருக்கும், ஒவ்வொரு ரெக்கார்டும் எவ்ளோ நீளம்னு முன்னாடியே சொல்லணும். 80 பைட் நிலையான ரெக்கார்ட்ல நீங்க பைனரியா 250 பைட் எழுதினா மூணு ரெக்கார்ட் நிறைஞ்சு நாலாவதுல 10 பைட் உக்காரும், மிச்சம் 70 பைட்டுக்கு சைபர் போட்டு நிரப்பிடும். திருப்பிப் படிச்சா 320 பைட் வரும். அந்த 70 சைபர்தான் உங்க புது வாடிக்கையாளர். ரெக்கார்ட் நீளத்த உங்க ஸ்ட்ரக்ட் நீளத்துக்கே சமமா வெச்சுக்குங்க, இல்லன்னா ஃபைல் தலைல எத்தனை பேர்னு எழுதிட்டு அத்தனை மட்டும் படிங்க. டெக்ஸ்ட் ஃபைல்னா சைபருக்குப் பதிலா ஸ்பேஸ் போட்டு நிரப்பும், படிக்குறப்ப கடைசி ஸ்பேஸெல்லாம் எடுத்துடும், நீங்க வேணும்னே வெச்ச ஸ்பேஸும் சேந்து போகும். நீளம் மாறுற ரெக்கார்ட்ல ஒரு காலி வரி எழுதினா அது ஒத்த ஸ்பேஸா திரும்பி வரலாம், 'நீளம் சைபர்னா பத்தி முடிஞ்சுது'ன்னு பாக்குற புரோகிராம் அங்க ஏமாந்துடும்.

டேட்டா செட் பேரும் வேற. அதுல சி டிரைவ், ஃபோல்டர் எதுவும் கிடையாது, புள்ளி வெச்சுப் பிரிச்ச துண்டுங்க, ஒவ்வொரு துண்டும் 8 எழுத்துக்குள்ள, மொத்தம் 44-க்குள்ள. புரோகிராமுக்குள்ள பேரயே எழுதாம இருக்குறது உத்தமம். ஃபைல் திறக்குற ஃபோப்பன்ல டிடி-ன்னு போட்டு ஒரு செல்லப் பேர் குடுங்க, அந்தப் பேர் உண்மைல எந்த டேட்டா செட்டுன்னு, ஜாப்ப எப்படி ஓட்டணும்னு எழுதிக் குடுக்குற ஜேசிஎல்ல டிடி வரி சொல்லிடும். டெஸ்ட் ஃபைலுக்கும் நிஜ ஃபைலுக்கும் மாத்த மறுபடி கம்பைல் பண்ண வேணாம். ஆரம்பத்துல ஜேசிஎல் மேல எனக்கு எரிச்சல் இருந்துச்சு, இந்த ஒரு வசதியப் பாத்ததும் மதிப்பு வந்துடுச்சு.

ஜேசிஎல்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, டோங்காட்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, ஜேசிஎல்ல இருந்து புரோகிராமுக்குத் தகவல் அனுப்புற பார்ம்ல சாய்வு கோடோட ஆரம்பிக்குற யுனிக்ஸ் பாத் குடுத்தா முதல் கோட்டக் காணோம்னு. பார்ம்ல வர்ற முதல் சாய்வு கோட்டுக்கு முன்னாடி இருக்குறது ரன்டைம் ஆப்ஷன், பின்னாடி இருக்குறதுதான் உங்க புரோகிராமுக்கு, அந்தக் கோடு ரெண்டுக்கும் நடுவுல வேலியா போயிடும். முன்னாடி இன்னொரு கோடு சேத்துப் போடுங்க தம்பி. பார்ம் 100 எழுத்துக்கு மேல தாங்காது, அதையும் பாத்துக்குங்க.

கேள்வி: மாசக் கடைசி மொத்தம் பிசிக்கும் மெயின்ஃப்ரேமுக்கும் சில சென்ட் வித்தியாசம் வருது. எங்க ஆடிட்டர் ரெண்டுல எது சரின்னு கேக்குறாரு. – ஒரு வாசகி, ஜோஹன்னஸ்பர்க்

பதில்: ரெண்டும் சரியில்லம்மா, உங்க ஆடிட்டர் கேட்டதுதான் சரி. பணத்த ஃப்ளோட்லயோ டபிள்லயோ, அதாவது தசம எண்ண தோராயமா வெக்குற டைப்ல வெச்சிருக்கீங்க. பத்து சென்ட், அதாவது 0.1 ராண்ட், ரெண்டு மெஷின்லயும் துல்லியமா எழுத முடியாத நம்பர். பிசி ஐட்ரிபிள்இ-ங்கற பொது ஸ்டாண்டர்ட் முறைல ரவுண்ட் பண்ணும். மெயின்ஃப்ரேம்ல 1964-லேர்ந்து இருக்குற ஹெக்ஸ் ஃப்ளோட்டிங் பாயின்ட் ரவுண்ட் பண்ணாது, மிச்சத்த வெட்டிடும், அதனால நீளமா கூட்டிட்டே போனா தொகை கீழ இறங்கும். ஐட்ரிபிள்இ அந்த மெஷின்லயும் 1998-லேர்ந்து இருக்கு, ஃப்ளோட் ஐட்ரிபிள்இ-ன்னு கம்பைல் ஆப்ஷன் குடுத்தா கிடைக்கும், குடுத்தா ரெண்டு பக்க மொத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணாகும், ஆனா ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருக்குறதுல உங்களுக்கு என்ன லாபம்?

எல்லாத்தையும் சென்ட்டா மாத்தி முழு எண்ல வெச்சுக்குங்க. 32 பிட் இன்ட் போடாதீங்க, அதுல 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ராண்ட் 47 சென்ட் வரைக்கும்தான் கொள்ளும், ஒரு கிளையோட ஒரு மாசத்துக்கே அது பத்தாம போகலாம், லாங் லாங் போடுங்க. கோபோல் புரோகிராமோட பேசணும்னா அவங்க இலக்கம் இலக்கமா அடைச்சு வெக்குற பேக்ட் டெசிமல்னு கேப்பாங்க, அதுக்கு ஐபிஎம் சி-ல டெசிமல்னு தனி டைப்பே இருக்கு, ஆனா அது பிசில கம்பைல் ஆகாது, அந்தப் பகுதிய மட்டும் தனி ஃபைல்ல ஒதுக்கி வெச்சுடுங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் கூட இருக்கு. தென்னாப்பிரிக்கால தசமத்துக்குப் புள்ளி இல்ல, காற்புள்ளிதான் முறை, விண்டோஸ் நம்ம ஊர் செட்டிங்ல இருந்தா எக்ஸெல்ல இருந்து வர்ற தொகைல காற்புள்ளி இருக்கும். எழுத்த நம்பராக்குற சி-யோட ஏடிஓஎஃப் சாதாரணமா புள்ளியத்தான் தேடும், காற்புள்ளில நின்னுடும், சென்ட் எல்லாம் போயிடும், எரரும் சொல்லாது. ஃபைல வாங்குற எடத்துலயே சோதிச்சுடுங்க.

கேள்வி: அண்ணா, நான் யுனிவர்சிட்டில படிக்குறேன், சி தெரியும். மெயின்ஃப்ரேம தொட்டுக் கூட பாத்ததில்ல, எங்க வீட்ல யாருக்கும் இந்த வேலைல ஆள் தெரியாது. பழகணும்னா வழி இருக்கா? – ஒரு மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: இருக்கும்மா, காசு இல்லாமலே இருக்கு. ஹெர்குலிஸ்னு ஒரு எமுலேட்டர் 1999-லேர்ந்து இருக்கு, உங்க லேப்டாப்ப ஒரு மெயின்ஃப்ரேமா நடிக்க வைக்கும், அதுல எம்விஎஸ் 3.8-ங்கற பழைய சிஸ்டத்த சட்டப்படி இலவசமா ஓட்டலாம், ஜேசிஎல், டேட்டா செட், எப்சிடிக் எல்லாம் கையால பழகிடும், அதுல ஓடுற சி கம்பைலரும் கிடைக்குது. புது இசட்ஓஎஸ் பாக்கணும்னா ஐபிஎம்மோட இசட் எக்ஸ்ப்ளோர்ல பேர் பதிஞ்சுக்குங்க, நிஜ மெஷின்ல லாகின் குடுத்து பாடம் பாடமா செய்ய விடுவாங்க, அதுக்கும் கட்டணம் கிடையாது. கரண்ட் போற நாள்ல ஹெர்குலிஸ் பேட்டரிலயே ஓடும்ங்கறது நம்ம ஊருக்கு ஒரு நல்லது.

லினக்ஸ் தெரிஞ்சிருந்தா இன்னொண்ணும் பண்ணலாம். க்யூஇஎம்யு-ங்கற இன்னொரு எமுலேட்டர்ல எஸ்390எக்ஸ்னு ஒரு வகை இருக்கு, மெயின்ஃப்ரேம்ல ஓடுற லினக்ஸ அதுல ஓட்டலாம். அதுல எழுத்து ஆஸ்கிதான், ஆனா பைட் வரிசை தலைகீழ், சாரும் அன்சைன்ட். அதாவது மேல சொன்ன தொந்தரவுல ரெண்டு இருக்கும், எப்சிடிக் இருக்காது. முதல் படியா நல்ல எடம்.

ஒரு ஜாக்கிரதை சொல்றேன். பிசில சைபர் முகவரி உள்ள பாயின்டர வெச்சுப் படிச்சா அங்கேயே செத்துடும், தப்பு உடனே தெரியும். இசட்ஓஎஸ்ல சைபர் முகவரில சிஸ்டத்தோட தகவல் இருக்கு, அத எல்லாரும் படிக்கலாம், எழுதினாத்தான் எஸ்0சி4-ன்னு விழும். அதனால இந்த சைபர் பாயின்டர்ல இருந்து ஸ்ட்ரிங் காப்பி பண்ணா ஏதோ குப்பை வரும், புரோகிராம் தொடர்ந்து ஓடும். பாயின்டர சோதிக்குற பழக்கத்த இப்பவே கொண்டுவந்துடுங்க.

கேள்வி: எங்க கோயில் பட்டியல்ல பேரெல்லாம் தமிழ்ல இருக்கு. அத அங்க அனுப்பலாமா? – இசிபிங்கோ வாசகர்

பதில்: 1047 டேபிள்ல தமிழுக்கு எடமே இல்ல, டெக்ஸ்ட் மோட்ல அனுப்பினா மொத்தமும் போயிடும். எல்லா மொழி எழுத்துக்கும் எடமுள்ள யுடிஎஃப்-8-ல வெச்சு பைனரி மோட்ல அனுப்புங்க, அங்க அத வெறும் பைட்டா வெச்சு வாங்கி அப்படியே திருப்பி அனுப்பலாம், டூஅப்பர், ஈஸ்ஆல்ஃபா எதுவும் அது மேல படக்கூடாது. எடம் கூட விடுங்க, 'அம்மா'ங்கறது கண்ணுக்கு மூணு எழுத்து, யுடிஎஃப்-8-ல 15 பைட். பேருக்கு 30 பைட் ஒதுக்கினா நம்ம ஆளுங்க பேர் பாதில நிக்கும், அதுவும் ஒரு எழுத்தோட நடுவுல வெட்டுப்பட்டு கடைசி எழுத்து கட்டமாத் தெரியும். கோயில் ரசீதுல ஒருத்தர் பேர் அப்படி வர்றது அவர அவமானப்படுத்துற மாதிரி, 90 பைட்டாவது விடுங்க.

கேள்வி: தம்பி, எனக்கு 71 வயசு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்க ஈமச்சடங்கு உதவிச் சங்கத்துக்கு டர்போ சி-ல சந்தா கணக்கு எழுதினேன். என் பேரன் வேலை பாக்குற எடத்துல அதே மாதிரி கணக்கு மெயின்ஃப்ரேம்ல வேணுமாம், தாத்தாவோட புரோகிராம எடுத்துக்கலாமான்னு கேக்குறான். ஆகுமா? – ஒரு பெரியவர், ஸ்டாங்கர்

பதில்: ஐயா, இந்தக் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். ஆகும், ஆனா முழுசா இல்ல. ஸ்க்ரீன் பகுதி அப்படியே விட்டுடணும். கிளியர் ஸ்க்ரீன், கெட்ச், கலர் எல்லாம் டாஸுக்கு உள்ளது. மெயின்ஃப்ரேமோட 3270 டெர்மினல் நீங்க ஒவ்வொரு கீ அழுத்துறதையும் புரோகிராமுக்குச் சொல்லாது, முழு ஸ்க்ரீனையும் நிரப்பி எண்டர் மாதிரி கீ அடிச்சாத்தான் மொத்தமா அனுப்பும், 'எந்தக் கீயாவது அழுத்தவும்'ங்கற வேலையே அங்க கிடையாது. டாஸ் மெமரிக்காக ஃபார் பாயின்டர், நியர் பாயின்டர்னு இருக்குறதையும் எடுத்துடணும்.

கணக்குப் பகுதி, யார் எத்தனை மாசம் பாக்கி, யாருக்கு எப்ப உதவித்தொகை உண்டு, குடும்பத்துல யார் யார் அதுக்குள்ள வருவாங்கங்கற விதி, அது பொக்கிஷம் ஐயா, அத யாரும் புதுசா எழுத முடியாது, சங்கம் நடத்தின உங்களுக்குத்தான் அது தெரியும். டர்போ சி-ல இன்ட் ரெண்டு பைட், 32767-க்கு மேல போகாது, அதுக்காக நீங்க தொகைய ராண்ட் தனியா சென்ட் தனியா பிரிச்சிருக்கலாம், இல்ல லாங் போட்டிருக்கலாம். பேரன் அத மாத்துறப்ப ஏன் பிரிச்சீங்கன்னு பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. 32767 தாண்டினா மைனஸ் ஆயிடும்ங்கறத நம்பி எங்கயாவது ஒரு சோதனை எழுதியிருந்தா அதையும் காட்டிடுங்க, இன்ட் அங்க நாலு பைட், அந்தச் சோதனை வேலை செய்யாது.

எதுக்கும் முன்னாடி, அந்தப் புரோகிராம் இருக்குற ஃப்ளாப்பிய இந்த வாரமே யார்கிட்டயாவது குடுத்து ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வெச்சுடுங்க. பழைய ஒரு மாசக் கணக்கோட பிரிண்ட் காகிதத்துல இருந்தா அதையும் தேடி எடுங்க. புது புரோகிராம் ஓடினதும் அந்த மாசத்த அதுல போட்டு, உங்க காகிதத்துல இருக்குற தொகையோட ஒவ்வொரு வீடா சரி பாக்கணும்.